பழைய மோடமும் புதிய மோடமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இருவர் உரையாட வேண்டுமானால் இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று இருத்தல் வேண்டும். இவ்விதி இயந்திரங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு, தொலைபேசி வழியே கணிப்பொறிகளை இணைத்த மோடம் என்னும் கருவி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள். தொலைபேசி இணைப்போ சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கொண்டு செல்லும். குறியை ஒலியாகவும், ஒலியை மீண்டும் குறியாகவும் மாற்றித் தருவதே மோடத்தின் பணி.

எக்குறிக்கு எவ்வொலி?

அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்த பெல் 103 மோடத்தில், அழைக்கும் முனையில் 1 என்பதற்கு 1270 ஹெர்ட்ஸ். 0 என்பதற்கு 1070 ஹெர்ட்ஸ். பன்னாட்டுத் தரமாகிய வி.21-ல் 1 என்பதற்கு 980. 0 என்பதற்கு 1180. இரண்டின் வேகமும் வினாடிக்கு 300 பிட்டுகளே. ஆயினும் ஒன்றில் உயர்ந்த ஒலி 1. மற்றதில் தாழ்ந்த ஒலி 1. ஒன்றின் பேச்சு மற்றதற்கு எங்ஙனம் விளங்கும்?

புதியது பழையதை அழைத்தால்

வேகம் பெருகியபோது சிக்கலும் பெருகியது. 1994-ல் வந்த வி.34 மோடம்கள் இதற்கு ஓர் அழகிய வழியைக் கையாண்டன. அழைப்பை ஏற்கும் மோடம் 2100 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்புவது பழைய பன்னாட்டு வழக்கம். அதே ஒலியின் வலிமையை வினாடிக்கு 15 முறை மெல்லக் கூட்டிக் குறைத்தனர். பழைய மோடம் அதை வழக்கமான மறுமொழியாகவே கொள்ளும். புதிய மோடமோ அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு, எதிரிலிருப்பதும் புதியதே என உணர்ந்து மேல்வேகம் பற்றிப் பேசத் தொடங்கும். மறுமொழி வராவிடில் பழைய முறைக்கே இறங்கி வரும்.

எனினும் தொல்லைகள் முற்றும் நீங்கவில்லை. உடன்பாடு முடியுமுன் காத்திருக்கும் நேரம் தீர்ந்து இணைப்பு அறுபடுவதுண்டு. பிழைதிருத்தும் முறையைப் புதியது தொடங்க, அதை அறியாத பழைய மோடத்தின் திரையில் பொருளற்ற எழுத்துகள் தோன்றுவதும் உண்டு. புதிய மோடத்தின் வேகத்தைக் குறைத்து நிறுத்துவதும், பிழைதிருத்தத்தை அணைப்பதும், காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதுமே இதற்கு மருந்து.

புதியவை இரண்டும் மோதின

1997-ல் விந்தையொன்று நிகழ்ந்தது. வினாடிக்கு 56,000 பிட்டுகள் என்ற இலக்குடன் எக்ஸ்2, கே56ஃபிளெக்ஸ் என இரு முறைகள் போட்டியிட்டன. ஒரு முறை மோடம் மற்ற முறையைப் பின்பற்றும் நிலையத்தை அழைத்தால், இரண்டும் புதியவையாக இருந்தும் 33,600-க்கு மேல் செல்ல இயலவில்லை. இரண்டுக்கும் பழக்கமான வி.34-தான் அங்கே கைகொடுத்தது! 1998-ல் வி.90 என்னும் பொதுத்தரம் பிறந்து பூசலைத் தீர்த்தது.

இன்று டயல்-அப் இணைப்பு அரிதாகிவிட்டது. ஆயினும் நம் ஆய்வகக் கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் கருவிகளும், இருவருக்கும் இயன்ற மிகுந்த வேகம் எது எனக் கேட்டறிந்த பின்னரே பணி தொடங்குகின்றன. வேகமாகப் பேசுவது ஆற்றல். எதிரிலிருப்பவர்க்கு விளங்கும்படி பேசுவதே தொடர்பு. அறிவியல் கற்கும் நாமும் இதனை நினைவிற்கொள்வோமாக!