லாபக்காய் கணக்கில் ஏமாறாதீர்கள்

வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்களா? வெட்டு முடிந்து 2,300 காய் குவிந்து கிடக்கிறது. நூறு காய்க்கு 15 காய் லாபக்காய் (வியாபாரி காசில்லாமல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் காய்), காய் 15 ரூபாய் என்று பேச்சு என வைத்துக்கொள்வோம். எத்தனை காய்க்குக் காசு?

பெரும்பாலும் 2,300-இல் 15 சதவீதம் 345 என்று கழித்து, 1,955 காய்க்குக் காசு வாங்கிவிடுகிறோம். தப்பு. பேச்சை அப்படியே தாளில் எழுதுங்கள்: 100 காய்க்குக் காசு கொடுத்தால் 115 காய் எடுக்கலாம். குவியலை 115-ஆல் வகுத்தால் 20 வரும். ஆக, 2,000 காய்க்குக் காசு. வித்தியாசம் 45 காய், 675 ரூபாய்!

விடையை எப்போதும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 2,000 காயும் அதற்குரிய லாபக்காய் 300-ம் சேர்ந்தால் 2,300. சரிதான். பலாவைப் பிளக்காமலே சுளையை எண்ணக் கணக்குச் சொன்னவர் 'கணக்கதிகாரம்' என்ற பழைய கணக்கு நூலை எழுதிய காரி நாயனார். நமக்கு அந்த அளவு வேண்டாம், வகுத்தல் போதும்.

காய் வெட்டும் முன்பே வியாபாரியிடம் கேட்டுவிடுங்கள்: "115 எடுத்தால் 100-க்குக் காசா, 100 எடுத்தால் 85-க்கா?"