அபாயச் செய்தி வீட்டு வாசல் வரை வருவதற்கு
பங்களாதேஷ் கரையோரக் கிராமங்களின் வயர்லெஸ் வலையமைப்பு பற்றிய பாடம்

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தான் என அழைக்கப்பட்ட இன்றைய பங்களாதேஷின் தென்கரையைப் பெருஞ்சூறாவளி ஒன்று தாக்கியது. போலா என்னும் தீவையும் அதைச் சூழ்ந்த மணல்திட்டுக்களையும் கடல் மூடியது. நெல் அறுவடைக் காலமானதால் வெளியூர்க் கூலியாட்களும் அங்கே வந்து தங்கியிருந்தார்கள். இறந்தவர்கள் மூன்று இலட்சம் என்று சிலரும் ஐந்து இலட்சம் என்று சிலரும் கணக்கிடுகிறார்கள்.

அந்தச் சூறாவளி யாருக்கும் தெரியாமல் வந்ததல்ல. வானிலை அவதானிகள் அதைக் கண்டிருந்தார்கள். செய்மதிப் படமும் இருந்தது, வானொலியில் அறிவித்தலும் போனது. நகரத்து அலுவலகத்தில் இருந்த செய்தி, வயலோரக் குடிசைக்கு ஒருவர் நம்பி எழுந்து நடக்கக்கூடிய சொல்லாக வந்து சேரவில்லை என்பதே குறை. வானொலி ஒரு பக்கம்தான் பேசும். கேட்டவர் யார், தூங்கியவர் யார், கேட்டும் நம்பாதவர் யார் என்பது பேசுபவருக்குத் தெரியாது.

இந்தக் குறையை நீக்கவே 1972ஆம் ஆண்டு செஞ்சிலுவைச் சங்கத்தினர் கரையோரத்தில் சூறாவளி ஆயத்தத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டு அரசாங்கமும் அதில் பங்காளியானது. (அங்கே இன்று அச்சங்கத்தின் பெயர் செம்பிறைச் சங்கம்.) ஆரம்பத்தில் ஏறக்குறைய 20,000 கிராமத் தொண்டர்கள் இருந்தார்கள். இன்று 76,000 பேர் வரை இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலும் எம்மைப் போன்ற கமக்காரரும் மீனவரும் ஆசிரியரும்தான்.

செய்தி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானதும் டாக்காவிலுள்ள வானிலைத் திணைக்களம் அறிவித்தல் விடுக்கும். திட்டத்தின் தலைமையகம் அதை வாங்கி, வயர்லெஸ் மூலம் மாவட்ட, உபசில்லா அலுவலகங்களுக்குச் சொல்லும். உபசில்லா என்பது எமது பிரதேச செயலாளர் பிரிவு போன்றது. அங்கிருந்து வேறொரு வகை வயர்லெஸ் மூலம் யூனியன் எனப்படும் சிறு பிரிவுகளுக்கும் தீவுகளுக்கும் செய்தி போகும். யூனியன் தலைவர் கிராமத் தொண்டர் குழுக்களுக்குச் சொல்லுவார். அதற்கப்பால் கருவி இல்லை, கால்தான். தொண்டர்கள் கைஒலிபெருக்கியோடும், கையால் சுழற்றும் சைரனோடும் வீடு வீடாகப் போவார்கள். காதால் கேட்காதவர் கண்ணால் காணும்படி கம்பத்தில் கொடியும் ஏற்றுவார்கள். ஒரு கொடி என்றால் ஆயத்தமாகு, இரண்டு என்றால் ஆபத்து நெருங்குகிறது, மூன்று என்றால் பெரும் அபாயம், உடனே புறப்படு என்று பொருள்.

இரண்டு வகை வயர்லெஸ் எதற்கு என்று கேட்கலாம். ஒன்று சிற்றலை, இங்கிலீசில் எச்.எப். என்பார்கள். அதன் அலை மேல்நோக்கிப் போய், வானத்தின் மிக உயரத்திலுள்ள மின்னேற்றமுள்ள படை ஒன்றில் பட்டுத் திரும்பவும் நிலத்துக்கு இறங்கும். அதனால் இடையில் மலையோ காடோ கடலோ இருந்தாலும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் பேசலாம். இரண்டு மரங்களுக்கிடையில் கட்டிய நீண்ட கம்பி ஒன்றே அதற்கு அன்ரனாவாகப் போதும். ஆனால் இரைச்சல் உண்டு, பகலில் நன்றாகக் கேட்கும் அலைவரிசை இரவில் கேட்காமல் போவதும் உண்டு. ஆகவே பழகிய ஆள் தேவை.

மற்றது வி.எச்.எப். பொலிசாரின் கையிலும் அம்புலன்ஸ் வண்டியிலும் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இந்த வகைதான். இதன் அலை ரோர்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். இடையில் மேடு வந்தால் மறைந்துவிடும், பூமியின் வளைவும் அதை மறைக்கும். கையில் பிடித்துப் பேசும் கருவி சில கிலோமீற்றர் தூரத்துக்கே உதவும். உயரமான கோபுரத்தில் அன்ரனாவைக் கட்டினால் முப்பது, நாற்பது கிலோமீற்றர் வரை போகும். அதைவிடத் தூரம் வேண்டுமானால், கோபுரத்தின் உச்சியில் கேட்டதைக் கேட்டபடியே மறுபடி அனுப்பும் கருவி ஒன்றை வைப்பார்கள். குரல் தெளிவாக இருக்கும், புதியவரும் ஒரு நாளில் பழகலாம்.

கைத்தொலைபேசி வந்த பிறகும் இதெல்லாம் எதற்கு? நியாயமான கேள்விதான். சாதாரண நாளில் கைத்தொலைபேசியே மேல், அந்தத் தொண்டர்களும் இன்று அதைப் பாவிக்கிறார்கள். ஆனால் அதன் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பற்றரி சில மணித்தியாலம் ஓடும், பிறகு டீசல் வேண்டும், டீசல் கொண்டுபோக வெள்ளம் வராத பாதை வேண்டும். இன்னொன்று, ஆபத்து வேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். திருவிழா முடிந்து ஒரே ஒழுங்கையால் எல்லோரும் வெளியேறப் பார்ப்பது போல யாருக்கும் வழி கிடைக்காது. வயர்லெசில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால், அதே அலைவரிசையில் இருக்கும் இருபது நிலையங்களும் ஒரே தடவையில் கேட்கும். தொலைபேசியில் இருபது பேருக்கு இருபது அழைப்பு எடுக்க வேண்டும்.

கருவியைப் பராமரிப்பது தனி வேலை. பன்னிரண்டு வோல்ற் பற்றரியும் சூரியத் தகடும் இருந்தால் மின்சாரம் இல்லாமலே நிலையத்தை நடத்தலாம். கேட்பதற்கு மின் கொஞ்சம்தான் செலவாகும், பேசுவதற்குப் பல மடங்கு செலவாகும். அதனால்தான் வயர்லெஸ்காரர் சுருக்கமாகப் பேசுகிறார்கள், பெருமைக்காக அல்ல. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒவ்வொரு நிலையத்தையும் பெயர் சொல்லி அழைத்துப் பதில் வாங்கிப் பார்க்க வேண்டும். அலுமாரியில் பூட்டி வைத்த கருவி, தேவைப்படும் இரவில் பற்றரி செத்துக் கிடக்கும்.

இனி 1991ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்தப் பாடத்தின் கடினமான பகுதி இதுதான்.

அந்த ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி இரவு சிற்றகொங், கொக்ஸ் பஜார் கரையில் மணிக்கு 240 கிலோமீற்றர் அளவு வேகமுள்ள சூறாவளி வந்தது. கடல் ஆறு மீற்றர் வரை உயர்ந்தது. இப்போது வயர்லெஸ் இருந்தது, தொண்டர்கள் இருந்தார்கள், செய்தியும் பல இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இருந்தும் ஏறக்குறைய 138,000 பேர் இறந்தார்கள்.

ஏன்? முதலாவது காரணம், போவதற்கு இடமில்லை. கொங்கிறீற் தூண்களில் உயர்த்திக் கட்டிய புகலிடங்கள் சனத்தொகைக்கு மிகக் குறைவு. இடமில்லாத ஊரில் அபாயச் செய்தி மனத்தை வருத்தும், உயிரைக் காப்பாற்றாது. இரண்டாவது, முன்பும் பல தடவை எச்சரிக்கை வந்து ஒன்றும் நடக்காமல் போயிருந்தது. அந்நாட்டின் ஒன்று முதல் பத்து வரையான அபாய இலக்கங்களும் துறைமுகத்துக் கப்பல்களுக்காக வகுக்கப்பட்டவை. ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வித்தியாசம் என்று கமக்காரருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது காரணத்தை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. உழவு மாடு போனால் அடுத்த போகம் போனது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பும்போது என்ன இருக்கும்? இதை அறியாமை என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கையிலிருக்கும் ஒரே முதலை விட்டுப் போகச் சொல்லுபவர், அதைக் காப்பதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். பங்களாதேஷில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. கில்லா என்று பெயர். மண்ணைக் கொட்டி உயர்த்திய பெரிய மேடு, வெள்ளத்தின்போது மாடுகளை ஏற்றி நிறுத்துவதற்காக 1970ஆம் ஆண்டு அழிவின் பின் பல இடங்களில் கட்டப்பட்டது. பல மேடுகள் பராமரிப்பின்றிக் கரைந்து போயின. பின்னாளில் அவற்றைத் திருத்தவும் புதிதாகக் கட்டவும் தொடங்கினார்கள். வயர்லெஸ் பற்றிய கட்டுரையில் மண்மேடு ஏன் என்று எண்ண வேண்டாம். மாட்டுக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்த வீட்டில்தான் ஒலிபெருக்கியின் சொல் எடுபடும்.

நான்காவது, இறந்தவர்களில் ஆண்களை விடப் பெண்கள் மிக அதிகம். பிள்ளைகளையும் முதியவர்களையும் விட்டு அசையவில்லை, கணவர் வந்து சொல்லும் வரை காத்திருந்தார்கள், ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் புகலிடத்துக்குப் போகக் கூசினார்கள். புகலிடத்தில் பெண்களுக்கென்று மலசலகூடமும் இல்லை. சேலை வெள்ளத்தில் காலைச் சுற்றியது. வாசலில் நின்று கூப்பிட்டவர் அந்நிய ஆணாக இருந்ததும் ஒரு தடை. பிற்காலத்தில் தொண்டர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததன் பின்னணி இதுதான். ஒரு பெண் அடுப்படி வரை போய், "அக்கா, பிள்ளையைத் தா, நான் தூக்கிறன், வா" என்று சொல்ல முடியும்.

புகலிடங்கள் பெருகின. பல, சாதாரண நாளில் பாடசாலையாக இயங்கும் மாடிக் கட்டடங்கள். 2007 நவம்பர் 15இல் வந்த சிடர் சூறாவளியும் மிகக் கடுமையானது. அப்போது இறந்தவர்கள் ஏறக்குறைய 3,400 பேர். சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் 1991ஐ எண்ணிப் பாருங்கள். 2020 மே மாதம் அம்பான் சூறாவளி வந்தபோது 20 இலட்சத்துக்கு மேற்பட்டோரை முன்கூட்டியே அகற்றினார்கள். அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேருக்குள் அடங்கினார்கள். அவர்களில் ஒருவர், மக்களை எச்சரிக்கப் படகில் போய் அது கவிழ்ந்து மூழ்கிய ஒரு தொண்டர்.

இடம்பெயர்ந்தோருக்கு நேராகச் சொல்லும் பகுதி இன்னும் இருக்கிறது. மியன்மாரிலிருந்து 2017இல் பெருந்தொகையாக ஓடிவந்த ரோகிங்கியா மக்கள் கொக்ஸ் பஜார் மலைச் சரிவுகளில் மூங்கிலும் தறப்பாளும் கொண்டு கட்டிய கொட்டில்களில் வாழ்கிறார்கள். 2018 முதல் அதே திட்டம் முகாமுக்குள்ளிருந்தே ஆண்களையும் பெண்களையும் தெரிந்து பயிற்றியது. அவர்களுடைய மொழியில், அவர்களில் ஒருவரே சொல்ல வேண்டும் என்பது நோக்கம். 2019 செப்டெம்பர் முதல் ஏறக்குறைய ஓராண்டு முகாம்களில் கைத்தொலைபேசி இணையம் முடக்கப்பட்டிருந்தது. அக்காலத்திலும் கொடிக்கும் ஒலிபெருக்கிக்கும் தடை இருக்கவில்லை. 2023 மே மாதம் மோக்கா சூறாவளி அவ்வழியால் போனபோது ஆயிரக்கணக்கான கொட்டில்கள் சேதமடைந்தன, முகாம்களில் உயிரிழப்புப் பதிவாகவில்லை. புயலின் மையம் மியன்மார்ப் பக்கம் கரையேறியதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது.

எமது கரைகளும் இதற்குப் புறம்பானவை அல்ல. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அழித்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள். 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவில் பூமி நடுங்கியதற்கும் எமது கிழக்குக் கரையில் கடல் ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தைப் பாவிக்கும் ஒழுங்கு அன்று இருக்கவில்லை. அதே நாளில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூரவர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஊரின் அறிவு மையத்தில் வானிலைச் செய்தி சொல்லவென்று ஒலிபெருக்கி ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். அதில் அறிவித்தார்கள், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் விலகி ஓடினார்கள். வீடுகள் போயின, ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. அந்த ஒலிபெருக்கியின் குரலை நம்பி ஊர் பழகியிருந்தது.

எமது நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பேசும் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஆகவே யாரும் தாமாக வாங்க வேண்டாம். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் உங்கள் கையில் இருக்கின்றன. முகாமில் அல்லது குடியேற்றத்தில் ஒரு நல்ல ட்ரான்சிஸ்டர், ஈரம்படாமல் கட்டி வைத்த புதிய பற்றரிகள், கோயிலிலோ பாடசாலையிலோ உள்ள மணி, ஓர் ஒலிபெருக்கி என்பன போதும். செய்தியை எழுதிப் படிக்க வேண்டும், வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். வாயால் மட்டும் கைமாறிய செய்தி நாலாவது வாயில் வேறு செய்தியாகிவிடும். "கடுங்காற்று வீசலாம், அவதானமாக இருக்கவும்" என்பதால் ஒருவரும் அசைய மாட்டார்கள். "இன்று பின்னேரம் ஆறு மணிக்கு முன் வாய்க்கால் பக்கத்து வீட்டார் எல்லோரும் பாடசாலை மாடிக்குப் போகவும். மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு விடவும். அடையாள அட்டையையும் மருந்தையும் எடுக்கவும்" என்றால் என்ன செய்வதென்று தெரியும்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்:

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் வெள்ளம் முதலில் எந்தப் பக்கத்தால் ஏறும்? அது ஊரவர் யாருக்குத் தெரியும்?

இரவு பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தால் முதலில் யாரை எழுப்புவீர்கள்? அவர் ஊரில் இல்லாத நாளில் யார்?

காது கேளாதவர், தனியே இருக்கும் முதியவர், பிள்ளைத்தாய்ச்சி எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களிடம் யார் போவது?

மாட்டையும் விதைநெல்லையும் எங்கே ஏற்றலாம்? அந்த மேடு இல்லையென்றால், மழைக்கு முன் அதைக் கட்ட எத்தனை பேரின் எத்தனை நாள் வேலை வேண்டும்?