பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா? பெரியப்பாவின் அம்பாசிடர் நடத்திய பாடம்

இந்த இதழ்ல உங்களுக்கு ஒரு சின்ன லேப் கிளாஸ். லேப், தல்லாகுளத்துல எங்க வீட்டு மொட்டை மாடி. ஸ்பெசிமன், எங்க பெரியப்பாவோட அம்பாசிடர்ல இருந்து கழட்டின ராக்கர் கவர். முதல் அட்டெம்ப்ட்ல நான் ஃபெயில். அதனாலதான் இந்தக் கட்டுரை.

போன வருஷம் சித்திரைத் திருவிழா சமயம். பானெட்டைத் திறந்து பார்த்த பெரியப்பா, "கவரு துருப்பிடிச்சுப் போச்சுப்பா"ன்னார். "நான் பார்த்துக்கிறேன் பெரியப்பா"ன்னு ரொம்ப கெத்தா சொல்லிட்டேன். எமரி பேப்பர் வச்சு ரெண்டு இழுப்பு, பழைய துணியில ஒரு துடைப்பு, ஒரு ஸ்ப்ரே கேன். வேலை முடிஞ்சது. அடிச்ச நாள் எதிர்சேவைக்கு முந்தின நாள். அழகரைப் பார்க்க ஊரே தல்லாகுளத்துல திரண்டிருக்கு. தெருவுல கிளம்பின புழுதி மொத்தமும் என் ஈரப் பெயிண்ட் மேல வந்து உட்கார்ந்துடுச்சு.

புழுதியைக் கூட மன்னிக்கலாம். ரெண்டு மாசத்துல பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு வந்தது. பெரியப்பா திட்டவே இல்ல. "நீ மெக்கானிக்கல் தானப்பா படிக்கிற?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

"பவுடர் கோட்டிங் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது"ன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க. அப்புறம் உட்கார்ந்து படிச்சப்பதான் புரிஞ்சது. "எது ஸ்ட்ராங்?"னு கேட்கிறதே தப்பான கேள்வி. "இந்தப் பார்ட்டுக்கு எது?"ன்னு கேட்கணும்.

அடிப்படை வித்தியாசம்

பெயிண்டுல ரெசின், கலர், கரைப்பான் மூணும் இருக்கு. கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிச்சம் படலமா நிக்குது. சாதாரண ஸ்ப்ரே கேன் பெயிண்ட் பெரும்பாலும் இப்படி வெறுமனே காய்றதுதான். அதனால பெட்ரோலோ தின்னரோ பட்டா மறுபடியும் இளகிடும்.

பவுடர் கோட்டிங்ல கரைப்பானே கிடையாது. 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் உருவாக்கின முறையில், காற்று ஊதி மிதக்க வச்ச பவுடருக்குள்ள சூடான பொருளை முக்கி எடுப்பாங்க. இப்ப பட்டறைகள்ல பார்க்கிற கன் முறை அதுக்கு அப்புறம் வந்தது. கன்னில் இருந்து வர்ற பவுடருக்கு மின்னூட்டம் கொடுப்பாங்க. பார்ட்டை எர்த் பண்ணித் தொங்க விட்டிருப்பாங்க. பவுடர் போய் ஒட்டிக்கும். அப்புறம் ஓவன்ல சுமார் 200 டிகிரி செல்சியஸ்ல 10 நிமிஷம். பவுடர் உருகி, மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். அதான் நம்ம செகண்ட் இயர்ல படிச்ச தெர்மோசெட். ஒரு தடவை கெட்டியானா மறுபடி உருகாது.

ஒண்ணு கவனிங்க. அந்த 10 நிமிஷம் ஓவன் சூடானதுல இருந்து இல்ல, உலோகமே அந்தச் சூட்டுக்கு வந்ததுல இருந்து. கனமான காஸ்டிங் சூடேறவே நேரம் எடுக்கும். இதை விட்டுட்டா, மேல பளபளன்னு இருந்தாலும் உள்ள வேகாத இட்லிதான்.

மூணு கேள்வி

முதல் கேள்வி: பார்ட் தனியா கழண்டு வருமா, 200 டிகிரியைத் தாங்குமா? ராக்கர் கவர், புல்லி, பிராக்கெட் எல்லாம் வரும். ரப்பர் சீல், பேரிங், பிளாஸ்டிக் எதுவும் அதுல இருக்கக் கூடாது. இன்ஜினை முழுசா பிரிக்காம பிளாக்குக்குப் பவுடர் கோட்டிங் நடக்காது. அதுக்குப் பெயிண்ட்தான். பெட்ரோல் டேங்க்கை மட்டும் வீட்டு ஓவன் பக்கமே கொண்டு போகாதீங்க. காலி டேங்க்லயும் ஆவி இருக்கும், வெடிக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின அலுமினியத்துலயும் கவனம் வேணும். அலாய் வீல் மாதிரி பாரம் தாங்குற பார்ட்டைத் திரும்பத் திரும்ப 200 டிகிரியில் வச்சா அதோட வலிமை குறையலாம்.

ரெண்டாவது: வேலை செய்யும்போது அது எவ்வளவு சூடு பார்க்கும்? கூலன்ட் ஓடுற இன்ஜின்ல ராக்கர் கவர் கிட்டத்தட்ட 100 டிகிரி பார்க்கும். பவுடர், இன்ஜின் எனாமல் ரெண்டுமே தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கதை வேற. அங்க 400 டிகிரியைத் தாண்டும். சாதாரண பவுடர் கருகிடும். சிலிக்கோன் கலந்த ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட்தான் வழி. அதுல 600 டிகிரி வரைக்கும் தாங்குற வகை இருக்கு.

மூணாவது: எங்கெல்லாம் கோட்டிங் படக் கூடாது? கேஸ்கெட் உட்காருற முகம், போல்ட் திரெட், போல்ட் தலைக்கு அடியில இருக்கிற இடம், எர்த் வயர் மாட்டுற இடம். பவுடர் படலம் 60-ல் இருந்து 80 மைக்ரான் வரைக்கும் இருக்கும். போல்ட்டை டைட் பண்ணினா அந்தப் படலம் அடியில மெல்ல அமுங்கி, போல்ட்டோட பிடிப்பு குறையும். டார்க் ரென்ச் வச்சு சரியா முடுக்கியும் எண்ணெய் கசிஞ்சா, இதுவும் காரணமா இருக்கலாம்.

கோட்டிங் போட்டா இன்ஜின் சூடாகுமா?

பட்டறையில எல்லாரும் கேட்கிற சந்தேகம் இது. ஹீட் டிரான்ஸ்ஃபர் நோட்டை எடுங்க. படலம் 75 மைக்ரான், வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.25. ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா, சதுர மீட்டருக்கு வெப்பத்தடை 0.0003. பார்ட் மேல ஓடுற காற்றோட கன்வெக்ஷன் கோஎஃபிஷியன்ட் 50-னு எடுத்தா, அதோட தடை 0.02. அதாவது கோட்டிங் கூட்டுறது ஒன்றரை சதவீதம்தான். அதுலயும், பளபளப்பான வெறும் அலுமினியத்தை விட கோட்டிங் போட்ட மேற்பரப்பு கதிர்வீச்சா வெப்பத்தை நல்லாவே வெளியேத்தும். பயப்பட ஒண்ணுமில்ல.

அம்மாவோட ஓவன்

எல்லாருக்கும் வர்ற ஐடியா எனக்கும் வந்தது. ஹாபி கன் ஒண்ணு வாங்கி, அடுப்படி ஓவன்லயே வச்சுட்டா என்ன? அம்மா சொன்னது: "அந்தக் கவரு உள்ள போச்சுன்னா, நீ வெளிய போயிரு."

அம்மா சொன்னதுதான் சரி. பவுடர் வேகும்போது வர்ற புகை, மிஞ்சின எண்ணெய்ப் புகை ரெண்டும் ஓவன் சுவர்ல படியும். அப்புறம் அதுல கேக் செய்யக் கூடாது. காற்றுல பறக்கிற பவுடர் மேகம் ஒரு பொறி பட்டாலே தீப்பிடிக்கும். அடுப்படி அதுக்கான இடமே இல்ல.

"அப்ப பெயிண்ட் சேஃப்"னு நினைச்சுடாதீங்க. ஹார்டனர் கலக்குற டூ-கே பெயிண்ட்ல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரலுக்கு ரொம்ப ஆபத்து. துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. அதை பெயிண்ட் பூத்தும் சரியான மாஸ்க்கும் இருக்கிறவங்ககிட்ட விட்டுடுங்க. வீட்டுல செய்யறதுன்னா ஹார்டனர் இல்லாத இன்ஜின் எனாமல் போதும். அதையும் காற்றோட்டமான இடத்துல, ஆர்கானிக் வேப்பர் மாஸ்க் போட்டு அடிங்க.

என் பெயிண்ட் ஏன் உரிஞ்சது?

காரணம் பெயிண்ட் இல்ல, நான். தகடோட மடிப்புக்குள்ள பல வருஷத்து எண்ணெய் இருந்தது. துணியால துடைச்சா போகாது. இன்ஜின் சூடானதும் அது மெல்ல வெளிய வந்து படலத்தைத் தூக்கிடுச்சு. சுத்தம் பண்ணாம பவுடர் போட்டிருந்தாலும் இதே கதிதான். பட்டறைக்காரங்க "செவன் டேங்க்"னு சொல்றது இதுக்குத்தான். எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் படலம் ஏத்தி, நடுநடுவுல அலசி, அப்புறம்தான் கோட்டிங்.

வீட்டுல செய்ய ரெண்டு டெஸ்ட் சொல்றேன். பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, பார்ட் மேல தண்ணி ஊத்துங்க. ஒரே படலமா பரவினா சுத்தம். முத்து முத்தா பிரிஞ்சா இன்னும் எண்ணெய் இருக்கு. அடிச்சு நல்லா காய்ஞ்சதும், கண்ணுல படாத மூலையில பிளேடால கட்டம் கட்டமா கீறி, டேப் ஒட்டி, வெடுக்குன்னு இழுங்க. கட்டங்கள் டேப்போட வந்துட்டா, மறுபடியும் முதல்ல இருந்து.

ரெண்டாவது அட்டெம்ப்ட்

இந்தத் தடவை வேலையைப் பிரிச்சேன். பெரியப்பா காரோடது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு, கவர் எஃகுத் தகடு. கவரைக் கழட்டி, மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, சோப்புத் தண்ணியில கழுவி, கே.புதூர் தொழிற்பேட்டை பக்கம் ஒரு சின்ன யூனிட்டுக்குக் கொண்டு போனேன். ஒரு பீஸுக்காக அவங்க கலர் மாத்த மாட்டாங்க. "கருப்பு என்னைக்கு ஓட்டுறீங்க அண்ணே?"ன்னு கேட்டு அன்னைக்குக் கொடுத்தேன். கேஸ்கெட் முகத்தையும் ஓட்டைகளையும் மறைக்கச் சொல்லி மார்க்கரால குறிச்சுக் கொடுத்தேன். நீங்களும் கட்டாயம் குறிச்சுக் கொடுங்க.

பிளாக்கை வீட்டுலயே, பேட்டரியைக் கழட்டிட்டு, கம்பி பிரஷ் போட்டு, துரு எடுத்து, தின்னரால துடைச்சு, பிரஷ்ஷாலேயே எனாமல் அடிச்சேன். நாளைக்கு எங்கயாவது கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் தொட்டுக்கலாம். பவுடர்ல அது முடியாது. ஒரு இடம் போச்சுன்னா முழுசா உரிச்சுத்தான் மறுபடி போடணும்.

எட்டு மாசம் ஆச்சு. இன்னும் உரியல. போன வாரம் ஸ்டாண்டுல பானெட்டைத் திறந்து வச்சுட்டு பெரியப்பா பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்லிட்டிருந்தார்: "எங்க பய பண்ணினது. மெக்கானிக்கல் படிக்கிறான்."

கவருக்கு எவ்வளவு செலவாச்சுன்னு அவர் இன்னும் கேட்கல. நானும் சொல்லல.