சுற்றுலாவும் சூழலும்: டொபாகோத் தீவில் ஒரு நாள்

க.பொ.த. (சா/த) புவியியல்

மாணவர்களே, சுற்றுலாக் கைத்தொழில் பற்றிய வினாவுக்கு "அழகான கடற்கரை, பசுமையான காடு" என்று எழுதிவிட்டு வருபவர்கள் பலர். அதற்குப் புள்ளி கிடைக்காது. அந்த அழகு ஏன் அங்கே உண்டானது, அதனால் யார் பயன் பெறுகின்றனர், அதற்கு என்ன ஆபத்து ஆகிய மூன்றையும் எழுதினால்தான் புள்ளி. இதை விளங்கிக்கொள்ள ஒரு தீவுக்குப் போய் வருவோம்.

1. அமைவிடம்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வரும். பிரையன் லாறா பிறந்த திரினிடாட் தீவின் வடகிழக்கே உள்ள சிறிய தீவே டொபாகோ. இரண்டும் சேர்ந்த நாடு 1962 இல் பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்றது. டொபாகோ ஏறக்குறைய 11° வட அகலக்கோட்டில் உள்ளது. பரப்பு சுமார் 300 சதுர கிலோமீற்றர். ஆகவே காலையில் வானில் புறப்பட்டால் மாலைக்குள் தீவைச் சுற்றி வரலாம்.

2. பயணப் பாதை

(அ) தென்மேற்கு: புக்கூ முருகைக்கற்பாறை
தீவின் தென்மேற்கு, முருகைச் சுண்ணாம்புக் கல்லாலான தாழ்ந்த சமவெளி. அடியில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து முருகைக்கற்பாறையையும் மீன்களையும் பார்க்கலாம். அருகிலுள்ள "நைலோன் பூல்" என்னும் இடத்தில் நடுக்கடலிலும் இடுப்பளவு தண்ணீரே. அடியில் வெண்மணல் திட்டு இருப்பதே காரணம். வழிகாட்டி முதலில் சொல்வது, "முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள்" என்பதே. முருகைக்கல் உயிருள்ளது, மிக மெதுவாக வளர்வது. ஒருவர் மிதித்து உடைத்ததை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லும். 1973 இல் இப்பகுதி கடற் பூங்காவாக்கப்பட்டது.

(ஆ) வடகரை: கஸ்ராறா
இது கரிபியன் கடலை நோக்கிய, காற்றொதுக்கான பக்கம். அதனால் குடாக்களில் அலை குறைவு, குளிப்பதற்கு ஏற்றது. கஸ்ராறா ஒரு மீன்பிடிக் கிராமம். இங்கு ஊரார் கூடிக் கரைவலை இழுப்பர். களிமண் அடுப்பில் பாண் சுட்டு விற்பர். சுற்றுலாப் பணம் ஹோட்டல்களோடு நின்றுவிடாமல் கிராமத்துக்கும் வருவதற்கு இது நல்ல உதாரணம்.

(இ) நடுமேடு: மெயின் றிட்ஜ் மழைக்காடு
தீவின் முதுகெலும்புபோல் நீண்ட மலைத்தொடர் இது. வடகீழ் வியாபாரக் காற்று அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து ஈரப்பதனுடன் வந்து இம்மலையில் மோதி மேலெழுகிறது. குளிர்ந்து ஒடுங்கித் தரையுயர்ச்சி மழையாகப் பொழிகிறது. "கில்பின் ட்ரேஸ்" நடைபாதை சேறாக இருப்பதால் றப்பர் சப்பாத்து அணிந்தே நடப்பர்.

இக்காட்டின் வரலாறு முக்கியமானது. மரங்கள் மழைக்கு உதவுகின்றன என்ற ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் அறிஞரின் கருத்தை ஏற்ற பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் சோம் ஜெனின்ஸ், காட்டைக் காக்க வாதாடினார். 1776 ஏப்ரல் 13 இல் சட்டம் வந்தது. மேற்கு அரைக்கோளத்தில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிகப் பழைய காடாக இது கருதப்படுகிறது. ஆனால் நோக்கம் காட்டின்மீதான அன்பு அல்ல. மரம் போனால் மழை போகும்; மழை போனால் கரும்புத் தோட்டம் அழியும் என்ற கணக்கே. மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்த அந்த ஆண்டில், கரும்பு வெட்டிய ஆபிரிக்க மக்கள் அடிமைகளாகவே இருந்தனர். இன்று வழிகாட்டிகளாக அக்காட்டை விளக்குவோரில் பலர் அவர்களின் சந்ததியினர்.

1963 செப்ரெம்பர் 30 இல் புளோரா சூறாவளி இக்காட்டின் பெரும்பகுதியைச் சாய்த்தது. கொக்கோ, தென்னைத் தோட்டங்களும் அழிந்தன. அதன்பின் விவசாயம் தளர, தீவு சுற்றுலாவை நாடியது. காடு ஒதுக்கமாகவே விடப்பட்டதால் மீண்டும் வளர்ந்தது.

(ஈ) திரும்பும் வழி: அத்திலாந்திக் கரை
றொக்ஸ்பரோ வழியாக ஸ்காபரோவுக்குத் திரும்பும்போது அலைகள் முரட்டுத்தனமாக இருப்பதைக் காணலாம். இது காற்று நேராக மோதும் பக்கம்.

3. நினைவில் வைக்க

• 2020: வடகிழக்கு டொபாகோ, யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது.
• 2024 பெப்ரவரி: கவிழ்ந்த கலமொன்றிலிருந்து கசிந்த எண்ணெய் தென்கரையை மாசுபடுத்தியது. கரையையே நம்பிய மீனவரும் சுற்றுலாத் தொழிலாளரும் ஒருங்கே பாதிக்கப்படக்கூடியவர்கள் என்பதை இது காட்டுகிறது.

4. மாதிரி வினா

டொபாகோவின் வடகரை குளிப்பதற்கு ஏற்றதாக இருப்பது ஏன்? (2 புள்ளிகள்)

குறைந்த விடை: அழகான கடற்கரை என்பதால். (0)

சரியான விடை: வியாபாரக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது (1). வடகரை மலைத்தொடரின் காற்றொதுக்கில் இருப்பதால் அலைகள் குறைவு (1).

5. பயிற்சி

(i) மெயின் றிட்ஜில் மழை அதிகமாகப் பெய்வதற்கான காரணத்தை விளக்குக.
(ii) 1776 இல் காடு பாதுகாக்கப்பட்டதன் நோக்கத்தையும் இன்றைய நோக்கத்தையும் ஒப்பிடுக.
(iii) சுற்றுலாப் பயணிகளால் முருகைக்கற்பாறைக்கு ஏற்படும் பாதிப்பு ஒன்றையும் அதைத் தடுக்கும் வழி ஒன்றையும் எழுதுக.

இரண்டாம் வினாவுக்கு மனப்பாடம் உதவாது. சிந்தித்து உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பழகுங்கள்.