கிட்டார் வாசித்தவர் யார்?



சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதப் பிற்பகல். குற்றாலத்தில் சீசன் என்றால் சுரண்டைக் காற்றுக்கும் குளிர் வந்துவிடும். அன்று இசை வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். 'இளைய நிலா' என்ற பாட்டு. முடிந்ததும் கேள்விகள் தொடங்கின.

"பாடியவர் யார்?"

"எஸ்.பி. பாலசுப்பிரமணியம்!" என்று வகுப்பே சொன்னது.

"எழுதியவர்?"

"வைரமுத்து!"

"இசை?"

"இளையராஜா! படம் 'பயணங்கள் முடிவதில்லை'. ஆண்டு 1982" என்று கேளாத கேள்விக்கும் விடை சொன்னாள் முதல் பெஞ்சுத் தோழி.

"கிட்டார் வாசித்தவர் யார்?"

வகுப்பு வாயடைத்துப் போயிற்று.

"இந்தப் பாட்டின் பெயரைச் சொன்னாலே நீங்கள் முதலில் முணுமுணுப்பது அந்தக் கிட்டாரைத்தான். ஆனால் அவர் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை" என்று சிரித்தார் சிஸ்டர். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் நான் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கருவியின் இயல்பு

கிட்டாருக்குப் பொதுவாக ஆறு கம்பிகள். வீணையில் மெட்டு என்று சொல்வதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்பர். கம்பியை ஃப்ரெட்டின் அருகே அழுத்தினால் அதிரும் நீளம் குறையும். நீளம் குறைந்தால் சுருதி ஏறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் நீளம் சரிபாதி ஆகிறது. அங்கே அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கணக்கும் சங்கீதமும் கைகோர்த்து நிற்கும் இடம் அது!

மின்சாரக் கிட்டாரில் எஃகுக் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செம்புச் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. பெருக்கி அதைப் பேரொலியாக்குகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்று அறிவியல் வகுப்பில் படித்தோமே, அதுதான் இது.

ரிஃப் என்பது என்ன? சோலோ என்பது என்ன?

மேலைநாட்டு ராக் இசையில் இவ்விரு சொற்களும் அடிக்கடி வரும். ரிஃப் என்பது ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறிய ஸ்வரக் கோவை. கோலத்தில் புள்ளி வரிசை எப்படியோ அப்படி. அதன்மேல்தான் பாட்டு முழுவதும் அமைகிறது. சோலோ என்பது பாடகர் ஓய்ந்திருக்க, கருவி ஒன்று தனித்து முன்வந்து தன் கற்பனையைச் சொல்லும் பகுதி. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வருவதில்லையா? அதைப் போன்றது எனலாம்.

ரிஃப் என்றால் கடினமாக இருக்க வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' என்ற பாட்டின் ரிஃபில் இருப்பவை மூன்றே ஸ்வரங்கள். கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் தூக்கத்தின் நடுவே எழுந்து அதை வாசித்து, பக்கத்திலிருந்த கேசட்டில் பதிவு செய்துவிட்டு மறுபடி தூங்கிப் போனாராம். காலையில் போட்டுப் பார்த்தால் சிறிது நேரம் கிட்டாரும் மீதி நேரம் குறட்டையும் கேட்டன என்று அவரே சொல்லியிருக்கிறார்!

டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' 1972-ல் வெளிவந்தது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரில் ஒரு கேளிக்கை மண்டபம் தீப்பற்றி எரிந்தது. ஏரியின்மேல் புகை படர்ந்ததைக் கண்ட குழுவினர் அதையே பாட்டாக்கினர். ரிச்சி பிளாக்மோர் அமைத்த அதன் ரிஃபை நம் முறைப்படி பார்த்தால் நான்கு ஸ்வரங்களே: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம். கிட்டார் கற்கும் பிள்ளைகள் உலகெங்கும் முதல் மாதத்திலேயே வாசித்துப் பார்க்கும் ரிஃப் அது. எளிமைதான் அதன் பெருமை.

சக் பெரி என்ற கறுப்பினக் கலைஞர் 1958-ல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' பாட்டு கிட்டாரின் துள்ளலோடுதான் தொடங்கும். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்தனுப்பிய தங்கத் தட்டில் அப்பாட்டும் இடம்பெற்றது. அதே தட்டில் நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் குரலும் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை அல்லவா?

சோலோவுக்கு இரண்டு சான்றுகள் சொல்வேன். ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 1976-ல் வந்த அதே பெயருள்ள இசைத்தட்டில் உள்ளது. பாட்டு முடிந்தபின் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் ஆகிய இருவரின் கிட்டார்களும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் மாறி மாறிப் பேசி, இறுதியில் ஒன்றாகச் சேர்கின்றன. ஒருவரை ஒருவர் வெல்ல முயலாமல், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்குகிறார். மற்றொன்று, குயீன் குழுவின் 'பொகீமியன் ராப்சடி' (1975). அதில் பிரையன் மே பாடகரின் மெட்டைத் திருப்பி வாசிக்கவில்லை. பாட்டுக்குள் புதிதாக ஒரு சிறு மெட்டையே பாடுகிறது அவர் கிட்டார். அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி மராட்டியத்திலுள்ள பாஞ்ச்கனியில், நம்மைப் போல் விடுதிப் பள்ளியில் படித்தவர்.

விரல்களின் விடாமுயற்சி

பிரையன் மேயின் கிட்டார் கடையில் வாங்கியதன்று. 1963-ல் பதின்பருவச் சிறுவனாக இருந்தபோது தந்தையோடு சேர்ந்து அதைச் செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்பின் மரச் சட்டம்; உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில்; ஃப்ரெட்டுகளின் அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள்! அந்தக் கிட்டாரையே பல்லாண்டுகள் வாசித்தார். நிறுத்தி வைத்திருந்த விண்ணியற்பியல் ஆய்வையும் முடித்து 2007-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

டோனி அயோமியின் கதை இன்னும் உருக்கமானது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-ல், பதினேழு வயதில், வேலையை விட்டுச் செல்ல வேண்டிய கடைசி நாளன்று இயந்திரத்தில் அகப்பட்டு இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கம் உள்ளவர். கம்பியை அழுத்த வேண்டிய வலக்கை விரல்களே பறிபோயின. மனமுடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். 1928-ல் தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் மேதையாக விளங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். 1970-ல் அவர் குழு வெளியிட்ட 'அயர்ன் மேன்' பாட்டின் ரிஃப் இன்றும் ஒலிக்கிறது. குழுவின் பெயர் பிளாக் சபாத். பெயரைக் கேட்டுச் சிஸ்டர் முகம் சுளித்தார். கதையைக் கேட்டதும் இக்கட்டுரையில் எழுத அனுமதித்தார்.

நம் நாட்டுக் கிட்டார்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். நம் சினிமாப் பாட்டில் சோலோவுக்குரிய இடம் பல்லவிக்கு முன்வரும் முன்னிசையும், சரணங்களுக்கு முன்வரும் இடையிசையும்தான். அவற்றில் கிட்டாருக்குப் பெரிய இடம் கொடுத்தவர் இளையராஜா. தேனிப் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்குமுன், சலீல் சௌத்ரி போன்றோரின் குழுக்களில் கிட்டார் வாசித்தவர் அவர். ஆக, அவரும் ஒரு காலத்தில் பெயர் தெரியாமல் பின்வரிசையில் அமர்ந்திருந்த வாத்தியக் கலைஞரே!

அவரது நூறாவது படம் 'மூடுபனி' (1980). அதில் ஜேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் கிட்டார் கூடவே நடந்து வரும். திரையில் கிட்டாரை ஏந்தியிருப்பவர் நடிகர் பிரதாப் போத்தன். நம் காதில் விழுவதோ ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருந்த வேறொருவரின் விரலோசை.

'இளைய நிலா'வில் ராக் பாணி ரிஃப் இல்லை. ஒரு நாதத்தொகுதியின் ஸ்வரங்களை ஒரே நேரத்தில் மீட்டாமல், விரல்களால் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கும் முறை அது, ஆர்பெஜியோ என்பர். ஓலைக்கூரையிலிருந்து சாரல் நீர் சொட்டுச் சொட்டாக விழுவதைப் போலிருக்கும். அன்று பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒருசேர இருந்து வாசிக்கவே பதிவு நடக்கும். ஒருவர் பிழை செய்தால் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும். இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரத்தாளைப் பார்த்துப் பிசகாமல் வாசிக்க வேண்டும். அந்த நெருக்கடியில்தான் அத்தனை அமைதியான இசை பிறந்தது!

அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். சிஸ்டரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் என் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. அயோமியின் பெயரும் பிளாக்மோரின் பெயரும் இசைத்தட்டின் உறையிலேயே இருக்கின்றன. நம் பாட்டின் கிட்டார்காரர் பெயரை நான் ஏன் தேடி அலைய வேண்டியிருந்தது? 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டினார்கள். எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் வாத்தியக் குழுவினரும் திரையிலேயே தோன்றுகிறார்கள். அத்தகைய காட்சி அபூர்வம்.

அம்மாவின் சுளகு

நான் பள்ளிக் கிட்டாரில் பழகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. எஃகுக் கம்பி விரல் நுனியை அறுத்துப் புண்ணாக்கி, பிறகு காய்ப்பாக்கியது. ஒருநாள் அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்து, "ஏட்டி, என்ன இப்படிக் காய்ச்சுக் கெடக்கு? என் வெரல் மாதிரியே ஆயிட்டே!" என்றாள்.

என் அம்மா பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு வைத்து, இலையை அளவாக வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்குகிறாள். அந்த விரல்கள் கண்ணை மூடிக்கொண்டும் வேலை செய்யும். அந்த வருமானத்தில்தான் நான் படிக்கிறேன். கட்டின்மேல் ஒட்டும் லேபிளில் கம்பெனியின் பெயர் இருக்கும். சுற்றியவளின் பெயர் இராது. அன்று அம்மாவின் விரலையும் என் விரலையும் சேர்த்துப் பார்த்தபோது, சிஸ்டர் கேட்ட கேள்வியின் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது.

கேட்கும் முறை

தோழியரே, இனி ஒரு பாட்டைக் கேட்கும்போது மூன்று முறை கேளுங்கள். முதல்முறை சொல்லையும் குரலையும் கேளுங்கள். இரண்டாம்முறை குரலை விட்டுவிட்டுப் பின்னால் ஒலிக்கும் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். மூன்றாம்முறை அந்த வாத்தியம் எங்கே வாசிக்காமல் அடங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். வேகமாக வாசிப்பவர் பலர். பாடகர் பாடும்போது அடங்கியிருந்து, தம் இடம் வந்ததும் பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வாசிப்பவரே சிறந்தவர் என்பது அப்போது தெரியும். பிறகு, அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

இவ்வாண்டு நம் பள்ளி ஆண்டுவிழாவில் பாடியவர்களின் பெயர்களோடு, ஆர்மோனியம், தபலா, கிட்டார் வாசித்தவர்களின் பெயர்களும், திரை இழுத்த இரண்டு எட்டாம் வகுப்புத் தங்கையரின் பெயர்களும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. நான் கேட்டுக்கொண்டதற்குச் சிஸ்டர் மனமுவந்து இசைந்தார். பெயர் வாசிக்கப்பட்டபோது அத்தங்கையரில் ஒருத்தி திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கூட்டத்தில் அமர்ந்திருந்த என் அம்மா எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டினாள்.

– பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு