வால்ஸ்டெட்டின் மற்றொரு சட்டம்

ஆண்ட்ரூ வால்ஸ்டெட் என்றதும் அமெரிக்க மதுவிலக்கே பலர் நினைவுக்கு வரும். 1919-இல் பிறந்து 1933-இல் மறைந்த சட்டம் அது. நாம் இங்கு ஆராயப் புகுவது, அவர் பெயர் தாங்கி இன்றும் நிலவும் மற்றொரு சட்டத்தை.

நார்வேயிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில், மின்னசோட்டா மாநிலத்தில் 1860-இல் பிறந்தவர் அவர். கிரானைட் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் வக்கீல் தொழில் நடத்தி, நகரத் தலைவராயிருந்து, 1903 முதல் 1923 வரை அந்நாட்டுச் சட்டசபையாகிய காங்கிரஸில் அங்கம் வகித்தார்.

அக்காலத்தில் உழவர் பலர் கூடி ஒரே விலை கூறிப் பாலையோ தானியத்தையோ விற்பது, 1890-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டப்படி குற்றமாகக் கருதப்படக்கூடும். பெருமுதலாளிகளைக் கட்டத் திரித்த கயிறு சிறு குடியானவனின் காலையும் சுற்றியது! 1914-இல் அளித்த விலக்கோ பங்கு மூலதனமில்லாத சங்கங்களுக்கே பயன்பட்டது.

செனட்டர் காப்பருடன் சேர்ந்து வால்ஸ்டெட் கொணர்ந்த 1922-ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையைத் தீர்த்தது. பங்கு எத்தனையாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. அன்றேல் பங்காதாயம் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்படலாகாது. இவ்விரண்டில் ஒன்றேனும் வேண்டும். வாக்கு விதியே நம் சங்கங்களுக்கு நெருங்கியது. எவ்வாறாயினும், அங்கத்தினரல்லாதார் சரக்கின் மதிப்பு அங்கத்தினர் சரக்கை விஞ்சக் கூடாது. விலையை அளவுமீறி உயர்த்தினால் விவசாய மந்திரி தலையிடலாம். இப்பாதுகாப்பு விளைவிப்போர்க்கே உரியது. நெசவாளர் இதில் அடங்கார்.

அவ்வாண்டுத் தேர்தலிலேயே வால்ஸ்டெட் தோற்றார். கிரானைட் ஃபால்ஸிலேயே 1947-இல் காலமானார்.