காய்ச்சல் விட்ட நாள்

ஜொகூரில் மாசாய் பக்கம் எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்காவின் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கரைக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் எல்லைப் பாலத்துக்குப் போய்விடுவான். போன ஆண்டு அவனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் நோவு. நான்காம் நாள் காலையில் உடம்புச் சூடு இறங்கிவிட்டது. "காய்ச்சல் விட்டுருச்சு தம்பி, ரசம் சோறு கொடுத்திருக்கேன். நாளைக்கு வேலைக்குப் போயிருவான்" என்றார் அக்கா.

பையன் வாசலில் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று பிசுபிசுத்தது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்திருக்கிறான், வயிறு வலிக்கிறது என்கிறான், ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கிறான். அன்று மதியமே டிங்கி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். பிழைத்து வந்தான். ஒரு நாள் பொறுத்து, பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"காய்ச்சல் விட்டால் ஆபத்து விட்டது."

மற்றக் காய்ச்சல்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். டிங்கிக்குப் பொருந்தாது. நான் இந்தப் பத்தியில் வேறெதுவும் எழுதாமல் இதை மட்டும் எழுதினாலும் போதும் என்று நினைக்கிறேன்.

டிங்கிக் கிருமி ரத்தத்தில் பெருகும் முதல் சில நாட்கள்தான் காய்ச்சல் நாட்கள். சூடு இறங்கும் வேளையில், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சிலருக்கு மெல்லிய ரத்த நாளங்களின் சுவர் தளர்ந்துபோகும். ரத்தத்திலுள்ள நீர் அதன் வழியே கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். நாளத்துக்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் குறையும், கைகால் குளிரும். இந்தக் கசிவு 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் அளவறிந்து நீர் ஏற்றினால் உயிர் தப்பும். கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே ஆள் சரிந்துவிடலாம். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார், தெளிவாகவும் இருப்பார். வீட்டார் ஏமாந்துபோவது அதனால்தான்.

ஆகவே காய்ச்சல் விட்ட நாளில் கவனிக்க வேண்டியவை: விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், எழுந்து உட்காரவும் முடியாத அசதி, மூச்சு வாங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் சுல்தானா அமினா அல்லது சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கணக்குப் போடுவது அந்த நாளிலிருந்துதான்.

"டெஸ்ட்டில் இல்லை என்று வந்துவிட்டது."

கிளினிக்கில் விரைவாகச் செய்யும் என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும். ஐந்தாம் நாள் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். ஏற்கெனவே ஒரு முறை டிங்கி கண்டவருக்கு முதல் நாட்களிலேயே அது தவறலாம். சந்தேகம் இருந்தால் மறுநாளும் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு அதற்கு ஒரு வெள்ளிதான்.

"பிளேட்லெட்டை ஏற்றினால் சரியாகிவிடும்."

நம் வீடுகளில் டிங்கி என்றாலே எல்லாரும் கேட்கும் ஒரே எண் இந்த ரத்தத் தட்டணு எண்ணிக்கைதான். "40,000க்கு இறங்கிருச்சாம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். ஆனால் டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு. அதனால் மருத்துவர் ஹெமட்டோக்ரிட் என்ற எண்ணையும் சேர்த்தே பார்க்கிறார். ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதை அது காட்டும். பிளேட்லெட் இறங்கும்போது இது ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிளேட்லெட் 20,000க்கு இறங்கியும் பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 பேரை வைத்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் லான்செட் இதழில் வந்தது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை. ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பக்கவிளைவுகள்தான் கூடின. ஆகவே "ஏன் இன்னும் ஏற்றவில்லை" என்று வார்டில் தாதியரோடு சண்டை போட வேண்டாம்.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்பீர்கள். அது பிளேட்லெட்டைக் கொஞ்சம் உயர்த்துவதாக மலேசியாவிலேயே நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கசிவை நிறுத்துகிறது என்றோ உயிர் காக்கிறது என்றோ யாரும் நிறுவவில்லை. அதன் கசப்பில் வாந்தி வந்தால் உள்ள நீரும் போகும். நண்டு சூப்பில் உப்பும் நீரும் இருக்கின்றன. குடிக்கப் பிடித்தால் குடிக்கலாம், மருந்தென்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கஞ்சித் தண்ணீர், இளநீர், பால், பழச்சாறு எல்லாம் நல்லவை. வெறும் பச்சைத் தண்ணீரை மட்டும் குடிப்பது போதாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். உடம்பு வலிக்கிறதே என்று அலமாரியில் கிடக்கும் ஐபுபுரோபனையோ ஆஸ்பிரினையோ எடுக்காதீர்கள். ரத்தப்போக்கை அவை கூட்டும்.

"ஒரு தடவை வந்தால் இனி வராது."

டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. வந்த வகைதான் மறுபடி வராது. அடுத்த முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் முந்தைய கதையைச் சொல்லுங்கள்.

"புகை அடித்துவிட்டார்கள், இனிக் கொசு இல்லை."

புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். நீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டையோ காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, மழைநீர் பட்டதும் பொரியும். பத்து நாட்களுக்குள் புதுக் கொசு கிளம்பிவிடும். வீட்டில் புழு கண்டால் 1975ஆம் ஆண்டுப் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி வரை காம்பவுண்ட் உண்டு என்பதால் சாக்கடையை எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த நீர்தான் அதிகம் பிடிக்கும்.

மகன் வீடு திரும்பிய வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். வாளி, பூந்தொட்டி எல்லாம் கவிழ்த்தாகிவிட்டது, கொசு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றார். பழைய பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன். விரலளவு நீரில் ஏழெட்டுப் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் துள்ளிக் கீழே இறங்கின.